கழுத்து நோவும் என்புமுறை மருத்துவமும்

(மடுகரையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமன்று. நம் தலைக்கும் உடலுக்கும் இடைநின்று இரண்டனையும் இணைக்கும் கழுத்தே அப்பொருளாகும். சென்ற கூட்டம் முடிந்து கலைந்தபோது, மழையைப்பற்றியும் விளைவைப்பற்றியும் பேசினாரினும் கழுத்து வலியைப்பற்றிப் பேசினாரே மிகுதியாயிருந்தனர். ஒருவர் தைலம் கூறினார், ஒருவர் மந்திரம் கூறினார், ஒருவர், "கடையில் உட்கார்ந்து ஒரு நெட்டி எடுத்துக்கொள், எல்லாம் சரியாகும்" என்றார். அம்மூன்றாம் அறிவுரையே இச்சொற்பொழிவிற்குக் காரணமாயிற்று.

முதற்கண் சொற்களை நோக்குவோம். கழுத்திற்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல. மிடறு, களம், கண்டம், கந்தரம், எருத்து, பிடரி என்பன அவற்றுட் சில. இவற்றுள் மிடறு என்பது பெரும்பாலும் முன்புறத்தையும், பிடரி என்பது பின்புறத்தையும் குறிக்கும். வாயாற் பாடும் பாட்டை மிடற்றுப்பாடல் என்பர். பரிபாட்டின் உறுப்புகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியனார் எருத்து என்று ஓர் உறுப்பினைக் கூறுவர். பாட்டிற்கும் ஒரு கழுத்து உண்டென்று கண்டவர் நம் முன்னோர்! நஞ்சை உண்டும் கழுத்தளவில் நிறுத்திய இறைவனைத் திருநீலகண்டன் என்று போற்றுகின்றோம். மணவாழ்க்கைக்கு இசைதலைக் கழுத்தை நீட்டுதல் என்கின்றோம். இத்துணைப் பெருமை வாய்ந்த உறுப்பை நோவு வந்தபோதன்றி நாம் நினைப்பதில்லை. நோவு வந்தபோதோ, யாரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதை நினைப்பதில்லை.

இனிக் கழுத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அதை அறியாக்கால் பின்னர்க் கூறப்போவது விளங்காது. கழுத்தில் உள்ள முதுகெலும்புக் கணுக்கள் 7. யானைக்கும் எலிக்கும் 7. நெடுங்கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அவ்வேழே. இவ்வேழனுள் முதற்கணு வளையம் போன்றது, தலையைத் தாங்குவது. இரண்டாங்கணுவில் முளை ஒன்று மேல்நோக்கி நிற்கும். கதவின் குடுமி அச்சில் திரும்புமாறுபோல, அம்முளையைச் சூழ்ந்து முதற்கணு திரும்பும். நாம் தலையை இடமும் வலமும் திருப்பும்பொழுது அத்திருப்பத்தின் ஏறக்குறையப் பாதி இவ்விரு கணுக்களுக்கு இடையிலேயே நிகழ்கின்றது.

இக்கணுக்களின் நடுவே மூளையினின்று இறங்கும் தண்டுவடம் செல்கின்றது. அதனின்று கழுத்துப் பகுதியில் 8 இணை நரம்புகள் பிரிந்து தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் போகின்றன. இவற்றுள் 3, 4, 5 ஆம் நரம்புகளினின்று கிளைத்த ஒரு நரம்பே மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட உதரவிதானத்தை இயக்கி நம்மை மூச்சுவிடச் செய்கின்றது. அன்றியும், கணுக்களின் இருமருங்கும் சிறு துளைகள் உண்டு. அத்துளைகளின் வழியே, ஊசியிற் கோத்த நூல்போல, இரண்டு குருதிக்குழாய்கள் ஆறாங்கணுவில் நுழைந்து முதற்கணுவரை ஏறி, அங்கு வளைந்து மூளையின் பின்பகுதிக்குச் செல்கின்றன. பார்வை, நடையின் நிலை, விழுங்குதல், பேச்சு ஆகியவற்றிற்கு வேண்டும் குருதியை அக்குழாய்களே கொண்டுசெல்கின்றன. கழுத்தை வெடுக்கெனத் திருகுவோன் எலும்பைமட்டும் திருகுகின்றானல்லன். இவை அனைத்தையும் உடன் திருகுகின்றான் என்பதை நினைவிற் கொள்க.

நம் தலையின் நிறை 4½ முதல் 5 கிலோ வரை இருக்கும். நிமிர்ந்து நிற்குங்கால் அப்பாரம் கணுக்களின்மேல் நேரே இறங்கும். குனியக் குனியப் பிடரித் தசைகளே அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியனவாகும். நீர்க்குடத்தை இடுப்போடு அணைத்துக் கொண்டு வருவதும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவதும் ஒன்றாகுமோ? குடம் ஒன்றே, நோவு வேறு. நாற்று நடுவோரும், களை பறிப்போரும், தையற்பொறியின்முன் அமர்ந்தோரும், விடைத்தாள் திருத்தும் என்போன்ற ஆசிரியரும், கைப்பேசியை மடியில் வைத்து நாழிகைக் கணக்கிற் குனிந்திருக்கும் பிள்ளைகளும் கையை நீட்டிக் குடம் பிடித்தவரே ஆவர். இனி, கரும்புக்கட்டையும் நெற்கட்டையும் தலையிற் சுமந்து வண்டியில் ஏற்றும் நம் உழவர்க்கோ, தலையின் பாரத்தோடு கட்டின் பாரமும் சேர்கின்றது. சும்மாடு தலையின் நடுவில் அமையாது ஒருபுறம் சாய்ந்துவிடின் கழுத்தும் ஒருபுறமாக இழுக்கப்படும்.

எனக்கும் இந்நோவு வந்தது. கரும்பலகையில் அண்ணாந்து எழுதுதலும், மேசையிற் குனிந்து திருத்துதலும் இருபதாண்டுகளாக என் தொழில். சென்ற ஆண்டு சித்திரைத் திங்களில், வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டின் உடம்பு முழுவதையும் திருப்பவேண்டிய நிலை வந்தது. அரசு மருத்துவர் ஒருவர் ஆய்ந்து, நரம்பு நசுங்கவில்லை, தசைப்பிடிப்பும் மூட்டின் இறுக்கமுமே உள்ளன என்று கூறிச் சில நாளைக்கு மருந்து தந்தார். அப்பொழுது பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "அங்கே எங்களுக்கு இவ்வாறு வந்தால் ஆஸ்டியோபதியாரிடம் போவோம், புதுவையிலும் ஒருவர் இருக்கின்றார்" என்று கூறி என்னை அழைத்துச் சென்றார். அம்மருத்துவர் புதுவையிற் பிறந்து பிரெஞ்சு நாட்டில் அக்கலையைப் பயின்றவர்.

யான் அங்குக் கண்டவற்றை உள்ளவாறே கூறுவேன். மேசையில் படுக்கவைத்து உடனே கழுத்தைப் பற்றுவார் என்றே எண்ணிச் சென்றேன். அவரோ அரைமணி நேரம் கேள்விகளே கேட்டார். எத்தொழில் செய்கின்றீர்? எப்பக்கம் படுத்துறங்குகின்றீர்? முன்னர் எப்பொழுதேனும் மரத்தினின்றோ வண்டியினின்றோ விழுந்ததுண்டோ? கைவிரல் மரத்துப்போகின்றதோ? சட்டைப் பொத்தான் இடுவதில் தடுமாற்றம் உண்டோ? தலை சுழல்கின்றதோ? காரணமின்றி உடல் மெலிந்ததோ? குருதியழுத்தம் எவ்வளவு? இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டார். பின்னர் என் கைப்பிடியின் வலிமையைப் பார்த்தார், முழங்கையிற் சிறு சுத்தியால் தட்டினார், நடக்கச் சொன்னார். அரசு மருத்துவர் எழுதித் தந்த சீட்டையும் வாங்கிப் படித்தார்.

அதன்பின்னரே படுக்கச் சொன்னார். தம் விரல்களைப் பிடரியின்கீழ் வைத்து, அசைக்காமல், சில நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு தோள்பட்டை, விலாவெலும்பு, நடுமுதுகு ஆகியவற்றை மெல்ல அழுத்தியும் அசைத்தும் பார்த்தார். "நோவு கழுத்தில், நீர் முதுகைத் தொடுகின்றீரே" என்றேன். "வாத்தியாரையா, முதுகு அசையாது நின்றால் அதன் வேலையையும் கழுத்தே செய்ய வேண்டியிருக்கும், ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாடே ஏரை இழுக்கவேண்டும் அல்லவா?" என்றார். இறுதியில், "நெட்டி எடுக்கவில்லையே?" என்று வினவினேன். "உங்களுக்கு அது வேண்டா, வேண்டாததைச் செய்யாதிருப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி" என்று அவர் விடையிறுத்தார். அவ்வொரு சொல்லுக்காகவே அவருக்கு யான் கடமைப்பட்டுள்ளேன்.

மூன்றுமுறை சென்றேன். நாள்தோறும் செய்யுமாறு நான்கு எளிய பயிற்சிகளைக் கற்பித்தார். ஆறு கிழமைக்குள் கழுத்து முன்போலத் திரும்பலாயிற்று. இதில் அவர் கைக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு, நாள் கழிந்தமைக்கு எவ்வளவு என்று யாரும் அளந்து கூறல் இயலாது. கழுத்து நோவுகளிற் பெரும்பாலன சில கிழமைகளில் தாமே தணியும் இயல்பின என்பதை மருத்துவ நூலோர் ஒப்புவர். கைகொண்டு செய்யும் இம்முறைகள் சிலநாள் நோவைக் குறைக்கத் துணையாம் என்பதும், பயிற்சியோடு கூடியவிடத்துப் பயன் மிகும் என்பதும் ஆராய்ச்சியாளர் கூறுவன. அதற்குமேற் புகழ்தல் முறையன்று.

இனி, இக்கலை தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். ஆஸ்டியோபதி என்பது கிரேக்கச் சொற்களால் ஆகிய பெயர். என்பு என்னும் பொருளும் நோவு என்னும் பொருளும் உடைய இரு சொற்கள் கூடியது. இதனைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரு டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்கர். அவர் 1828-இல் வர்சீனியா நாட்டிற் பிறந்தார். தந்தையார் சமய போதகரும் மருத்துவருமாவர். ஸ்டில் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபொழுது ஒருநாள் கடுந்தலைவலி வந்ததாம். தந்தையின் ஏர்க்கயிற்றை இரண்டு மரங்களுக்கிடையே தாழக் கட்டி, அதன்மேற் கம்பளத்தின் முனையை இட்டு, கழுத்தை அதிற் சாய்த்துப் படுத்து உறங்கிவிட்டான். எழுந்தபோது தலைவலி இல்லை. இதனை அவரே 1897-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். ஆகவே இக்கலையின் முதல் விதை ஒரு கழுத்தில் விழுந்தது என்று கூறுதல் மிகையன்று.

பின்னர் அவரும் மருத்துவரானார். 1864-இல் பரவிய மூளையுறைக் காய்ச்சலில் தம் மக்கள் மூவரைப் பறிகொடுத்தார். தாம் கற்ற மருத்துவம் அவர்களைக் காக்கவில்லையே என்னும் துயரம் அவரை வேறு வழி தேடச் செய்தது. என்புகளும் தசைகளும் தத்தம் நிலையில் நின்றால் குருதியோட்டம் தடைப்படாது, உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று கருதினார். 1874-இல் தம் கொள்கையை உலகிற்கு அறிவித்தார், 1892-இல் மிசௌரி நாட்டுக் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் பள்ளி தொடங்கி, ஆடவரோடு மகளிரையும் சேர்த்துக்கொண்டார், 1917-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவர் மாணாக்கராகிய லிட்டில்ஜான் என்பவர் இலண்டனில் ஒரு பள்ளி நிறுவினார். எல்லா நோய்க்கும் என்பின் பிறழ்ச்சியே முதற்காரணம் என்று ஸ்டில் கூறியதைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும் முதுகு நோவு, கழுத்து நோவு முதலியவற்றில் பயின்ற கையின் உதவி பயன்தரும் என்பது நிலைத்துவிட்டது. இற்றைநாள் அமெரிக்க நாட்டில் அப்பட்டம் பெற்றோர் மருந்தும் அறுவையும் உட்பட எல்லா மருத்துவமும் செய்யும் முழு மருத்துவர் ஆவர். பிரெஞ்சு நாட்டிலும் இங்கிலாந்திலும் அஃது ஒரு தனித்தொழிலாக நிற்கின்றது.

"இஃதெல்லாம் மேனாட்டார் கண்டது, நமக்கு இல்லையோ?" என்று முதியோர் சிலர் நினைக்கலாம். உண்டு, நன்றாகவே உண்டு. நம் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒன்று உண்டு. உடலைக் கையாற் பிடித்துச் செய்யும் மருத்துவம் அது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை 9 வகையாகப் பகுத்தனர். யூகி முனிவர் வகுத்த 80 வாதநோய்களுள் சகனவாதம் என்பது கழுத்தையும் தோளையும் பற்றி நிற்பது. இக்காலச் சித்த மருத்துவர் கழுத்தெலும்புத் தேய்வை அப்பெயராலேயே குறிக்கின்றனர். என்பு முறிந்தார்க்கு ஆந்திர நாட்டுப் புத்தூரிற் கட்டும் கட்டு நாடறிந்தது. அப்பெயர் தாங்கிய பலகையைத் தமிழ்நாட்டின் ஊர்தோறும் இன்றும் காணலாம்.

தென்பாண்டி நாட்டு ஆசான்மார் போற்றிவந்த வர்மக்கலையோ இன்னும் நுட்பம் வாய்ந்தது. உடலில் வர்மங்கள் 108 என்றும், அவற்றுட் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கூறுவர். தலை முதற் கழுத்து வரையில் மட்டும் 25 உள்ளன என்பது அவர்கள் கணக்கு. இங்கு ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். வர்ம ஆசான் தன் மாணாக்கனுக்கு எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கற்பிப்பதில்லை. ஆண்டுகள் பல உடன்வைத்து, அவன் குணத்தை ஆராய்ந்து, பின்னரே நுண்ணிய இடங்களைக் காட்டுவான். என்னை? நோவை நீக்கும் இடமும் உயிரை வாங்கும் இடமும் ஒன்றே ஆதலின். கழுத்தைத் தொடும் கை அஞ்சித் தொடவேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. அவ்வச்சம் கோழைத்தனமன்று, அறிவு.

அவ்வச்சத்தை நாம் இழந்துவிட்டோம் என்பதே என் கவலை. முடிதிருத்தும் கடையில், வேலை முடிந்தவுடன், கேட்டும் கேளாமலும் தாடையையும் உச்சியையும் பற்றி இடம் ஒருமுறை, வலம் ஒருமுறை வெடுக்கெனத் திருகும் வழக்கம் ஊர்தோறும் உள்ளது. அதனைச் செய்வோர்மேற் குற்றம் கூறுதல் என் கருத்தன்று. முடிதிருத்தும் தொழிலோர் மருத்துவர் என்றே பெயர்பெற்று, புண்ணுக்கு மருந்திட்டும், அவர் வீட்டு மகளிர் பிள்ளைப்பேறு பார்த்தும் நம் ஊர்களைக் காத்தவர். கேட்பவர் நாமே, மகிழ்ச்சியோடு ஒரு காசு மிகுதியாகக் கொடுப்பவரும் நாமே. குறை நம் அறியாமையில் உள்ளது.

"படக்கென்று ஓசை கேட்டது, எலும்பு தன் இடத்தில் உட்கார்ந்தது" என்பர். அஃது உண்மையன்று. மூட்டிற்குள் வழவழப்பான நீர் உண்டு. மூட்டின் இருபுறமும் விரைந்து விலகும்போது அந்நீரில் வளியிடம் ஒன்று தோன்றும். அவ்வோசை அதனால் எழுவது. கனடா நாட்டு ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே காந்தப்படக் கருவியால் படம்பிடித்து, 2015-இல் இதனைக் காட்டினர். ஆகவே ஓசை எழுந்தமையால் நோய் நீங்கிற்று என்பதும், ஓசை எழாமையால் மருத்துவம் பலிக்கவில்லை என்பதும் பொருந்தா. திருகியவுடன் தோன்றும் இன்பம் சிறிது நேரம் நிற்கும். அது தேய்ந்தபின் மீண்டும் திருகத் தோன்றும்.

திருகுவதனால் தீங்கு எப்பொழுதும் வரும் என்று யான் கூறேன். அருகியே வரும். வந்தாலோ பெரிதாய் வரும். முன்னே கூறிய குருதிக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், அவ்விடத்திற் குருதி உறைந்து மூளைக்குச் செல்லும் வழியை அடைத்துவிடும்; பக்கவாதம் வரும். வலுக்கட்டாயத் திருகல் மட்டுமன்று, நெடுநேரம் பின்சாய்த்து வைத்தலும் சிலர்க்கு ஆகாது. அழகு நிலையத்தில் தொட்டியின் விளிம்பிற் கழுத்தைப் பின்னே வளைத்துக் கூந்தல் கழுவப்பெற்ற மகளிர் சிலர்க்கு இவ்வாறு நேர்ந்ததனை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1993-இல் எழுதினார். 2017-இல் தில்லியை அடுத்த பகுதியில், முடிதிருத்தும் கடையிற் கழுத்து நெட்டி எடுத்துக்கொண்ட ஒருவர்க்கு மூச்சை இயக்கும் நரம்புகள் பழுதுற்று, அவர் கருவியின் துணையால் மூச்சுவிடும் நிலையை அடைந்தார் என்பது செய்தித்தாள்களில் வெளிவந்தது.

தொலைவில் நிகழ்ந்தது எதற்கு? என் தாய்வழி உறவினர் ஒருவர், கரும்பு ஏற்றும் வேலையில் வல்லவர், கழுத்து நோவோடு ஒரு கடையிற் சென்று திருகிக்கொண்டார். அன்று மாலை, "நன்றாயிற்று" என்றே கூறினார். மூன்றாம் நாள் எதிரே நின்ற ஒருவர் இருவராகத் தோன்றினர். கால் ஒருபுறம் இழுத்தது. உண்ட நீர் மூக்கில் ஏறிற்று. நல்வினையாக, வீட்டார் அதனைத் திருஷ்டி என்று எண்ணிக் காலம் கடத்தாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். உயிர் பிழைத்தார். ஆயினும் அவர் இன்று கரும்பு ஏற்றுவதில்லை; வரப்பில் தனியே நடப்பதில்லை. திருகியதனால்தான் கிழிந்ததோ, முன்னரே சிறிது கிழிந்திருந்தமையால்தான் கழுத்து நொந்து கடைக்குப் போனாரோ என்பதை மருத்துவர் உறுதியாகக் கூறவில்லை. இரண்டும் நிகழக்கூடியவை என்றே கூறினர். எங்ஙனமாயினும் நமக்குப் பெறப்படும் நீதி ஒன்றே: கிழிந்திருந்த குழாயைத் திருகுதலும் கேடு, திருகிக் கிழித்தலும் கேடு, ஆராயாது தொட்டதே இரண்டற்கும் வாயில்.

இவ்விடத்து நம்மோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு சட்டத்தைக் கூற விரும்புகின்றேன். நம் மடுகரை 1954 வரையிற் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றும் நம்மவர் பலர்க்கு அந்நாட்டில் உற்றார் உறவினர் உளர். அந்நாட்டார் 2002-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாட் சட்டத்தால் ஆஸ்டியோபதி என்னும் தொழிற்பெயரை ஏற்றனர். 2007-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், அத்தொழிலோர் செய்யத்தக்கன இவை, தகாதன இவை என்று வரையறுத்தனர். அதில் ஒரு விதி: மருத்துவரல்லாத ஆஸ்டியோபதியார் கழுத்தெலும்பை அசைத்துத் திருத்த வேண்டுமாயின், அதற்குத் தடையான நோய் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் ஒருவர் ஆய்ந்து சான்று அளித்த பின்னரே செய்யலாம். ஆறு திங்கள் நிரம்பாத குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றிற்கும் அவ்விதியே. 2014-இல் வகுத்த முறைப்படி அக்கலையை ஐந்தாண்டு பயிலவேண்டும். ஐந்தாண்டு பயின்றவனையே கழுத்தின் வாயிலில் நிறுத்தி, "சான்று எங்கே?" என்று அந்நாடு கேட்கின்றது. நாமோ ஒருநாளும் பயிலாத கையிற் கழுத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்கின்றோம்!

இதுகாறும் கூறியவற்றால் செய்யத்தக்கன இவை என்று தொகுத்துக் கூறுவேன். இல்லந்தோறும் இவற்றை நினைவில் வைத்தல் நலம்.

முதலாவது, சில அறிகுறிகள் தோன்றின் எண்ணெயும் வேண்டா, கையும் வேண்டா. உடனே மருத்துவமனைக்குச் செல்லுக. அவையாவன: காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விழுந்த பின்னர்த் தோன்றிய நோவு, கையோ காலோ மரத்தல், வலிமை குன்றுதல், சிறுநீர் அடக்க இயலாமை, இதுவரை அறியாத கடுந்தலைவலியோ கழுத்து வலியோ திடீரென வருதல், தலைச்சுழற்சி, இரட்டைப் பார்வை, நாக்குழறல், மார்பு இறுக்கமும் வியர்வையும் கூடிய கழுத்து, தாடை, இடக்கை நோவு. இறுதியிற் கூறியது நெஞ்சகத்தின் நோயாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, இவை இல்லாத எளிய நோவாயின் அஞ்சவேண்டா. உப்பு ஒற்றடம், தவிட்டு ஒற்றடம், நொச்சியிலை ஒற்றடம் ஆகியன இதம் தரும். எண்ணெயிட்டு மெல்ல நீவலாம், திருகலாகாது. படுத்த படுக்கையாய் இராது, நோவு பொறுக்குமளவு கழுத்தை மெல்ல அசைத்தல் நன்று. பட்டை அணிந்து நெடுநாள் இருத்தல் தசையைத் தளர்த்தும். நாற்பது கடந்தார்க்கு எக்சுகதிர்ப் படத்தில் தேய்வு தெரிவது பெரும்பான்மை. நோவே இல்லாதார்க்கும் அது தெரியும். ஆதலின் படத்தைக் கண்டு மனம் தேய வேண்டா.

மூன்றாவது, நோவு நீடித்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுக. நமக்கு அணித்தாய்ப் புதுவையில் 1823-இற் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் உள்ளது. சித்த மருத்துவம் விரும்புவோர்க்கு அம்முறையைக் கல்லூரியிற் பயின்ற மருத்துவர் உளர். தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உண்டு. இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளைச் சோம்பாது செய்க.

நான்காவது, ஆஸ்டியோபதியாரிடமாயினும், வர்ம ஆசானிடமாயினும், வேறு எவரிடமாயினும் கழுத்தைக் கொடுக்குமுன் மூன்று வினா வினவுக. எங்கே, எத்தனை ஆண்டு பயின்றீர்? என் உடம்பை முதலில் ஆய்ந்து பார்ப்பீரோ? திருகாமற் செய்யும் வழி உண்டோ? இவற்றிற்குச் சினவாது விடை கூறுபவரே தக்கவர். கேள்வி கேளாது கழுத்தைப் பற்றுபவரிடமும், எல்லா நோயையும் தீர்ப்பேன் என்பவரிடமும், வாழ்நாள் முழுவதும் கிழமைதோறும் வருக என்பவரிடமும் விலகி நிற்பதே அறிவு. முடிதிருத்தும் கடையில், "அண்ணே, கழுத்து மட்டும் வேண்டா" என்று அன்போடு சொல்லிவிடுக, அவர் வருந்தார்.

ஐந்தாவது, வாராமற் காத்தலே தலையாய மருத்துவம். சும்மாட்டைத் தலையின் நடுவில் அமைத்துக்கொள்க. பெருங்கட்டு ஒன்றைச் சிறுகட்டு இரண்டாக்குக. தலையணை ஒன்று போதும். கைப்பேசியைக் கண்ணுக்கு உயர்த்துக. கண்ணை அதற்குத் தாழ்த்தற்க. அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து தோளைப் பின்னே சுழற்றுக. தாய்மார்களே! நீங்கள் வீட்டார் அனைவர்க்கும் ஒற்றடம் இடுவீர். உங்கள் கழுத்து நோவைமட்டும் அடுப்படியிலேயே மறைத்து வைப்பீர். அஃது ஆகாது. நோவை முதல் நாளிற் கூறுவதே குடும்பத்திற்குச் செய்யும் நன்மை.

நம் ஊரின் பெயர் மடுகரை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. கரையில் வாழ்வோர், ஆழம் அறியாது மடுவிற் குதிக்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பர். இறங்கவே கூடாது என்பதன்று அதன் பொருள். துறை அறிந்து, துணையோடு, கால் ஊன்றி இறங்குக என்பதே பொருள். கழுத்தும் அத்தகைய மடுவே. பயின்ற கை மெல்ல இறங்கின் நலம் உண்டு. பயிலாத கை பாய்ந்து இறங்கின் கேடு உண்டு. அவ்விரண்டனையும் வேறு பிரித்து அறியும் அறிவு நம் இல்லங்களில் வளர்வதாகுக.